மாடுகள் ஒதுங்கும் தெரு

தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்கிறவனை மாடுகளுக்குப் பிடிக்காது. உடம்பு வாசனையே காட்டிக்கொடுத்துவிடும். ஆம்பூரில் மதலைமுத்து மாலை ஆறு மணிக்கு வீடு திரும்பும்போது, மேய்ச்சலிலிருந்து வரும் மாடுகள் சுவரோடு ஒதுங்கி வழிவிடும். “கலெக்டர் வர்றாரு” என்பாள் எதிர்வீட்டு மாட்டுக்காரி கெங்கம்மாள்.

1916இல் அவன் பட்டாளத்தில் சேர்ந்து, கடல் கடந்து பஸ்ராவுக்குச் சண்டைக்குப் போனான். மறுவருஷம், ஆளைக் காணவில்லை என்று சர்க்கார் தபால் வந்தது. அன்று மாலை ஆறு மணிக்கு மாடுகள் காலித் தெருவில் ஒதுங்கின. அடுத்த நாளும் ஒதுங்கின. அவன் மனைவி பிலோமினா தாலியைக் கழற்றவில்லை. தினமும் அந்த நேரத்துக்கு வாசலில் அவன் கால் கழுவத் தண்ணீர் வைத்தாள்.

“வந்து ஒரு வார்த்தையாவது பேசறானா?” என்றாள் கெங்கம்மாள்.

“இருந்தப்ப மட்டும் பேசினாரா?”

ஐப்பசியில் மதலைமுத்து வந்துவிட்டான். அதே முகம், அதே குரல், புருவத்தில் அதே தழும்பு. கெங்கம்மாளின் கன்றுக்குட்டி ஓடிவந்து அவன் கையை நக்கியது.

“ஷாப் நாத்தம் போயிட்டிருக்கும்” என்றாள் கெங்கம்மாள்.

பிலோமினா அவனுக்குச் சோறு போட்டாள். ஆறு மணி ஆயிற்று. தெருவில் மாடுகள் சுவரோடு ஒதுங்கின.

“யாரு வர்றது?” என்று சோற்றைப் பிசைந்தபடி கேட்டான்.

பிலோமினா சொம்பில் தண்ணீர் மொண்டு வாசலில் வைத்தாள்.

“எங்க வீட்டுக்காரரு” என்றாள்.