வெட்டின ரெண்டு ஒயர்

"அறுந்ததில்லம்மா இது. வெட்டினது."

சொன்ன பிறகுதான் அந்தம்மா முகத்தைப் பார்த்தேன். ரத்தமே இல்ல. இடுப்புல இருந்த மூணு வயசுப் பொண்ணை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டாங்க.

காலையில வண்டியை என் ஷெட்டுக்கு ஓட்டிட்டு வந்தப்போ, "டிக்கிக் கதவு பட்டனை அமுக்கினா தானா தூக்கும், தானா மூடும் அண்ணா. நேத்துலேர்ந்து அசையவே மாட்டேங்குது"ன்னு மட்டும்தான் சொன்னாங்க. கதவுக்கு ஒயரெல்லாம் ஒரு ரப்பர் குழாய் வழியாத்தான் போகும். திறந்து மூடி, திறந்து மூடி அதுக்குள்ள ஒயர் ஒடியறது சகஜம். இந்த இருபது வருஷத்துல எத்தனையோ பார்த்திருக்கேன். ஆனா இதுல ரெண்டு ஒயரை கட்டர் வச்சு நறுக்கியிருந்தாங்க.

"எலி கிலி கடிச்சிருக்குமா அண்ணா?"

"எலி கடிச்சா பிசிறு பிசிறா இருக்கும்மா. அதுவுமில்லாம, எந்த எலியும் கடிச்ச இடத்துல டேப் சுத்திட்டுப் போகாது. பாருங்க, ஒவ்வொரு முனைக்கும் தனித்தனியா டேப். தொழில் தெரிஞ்ச கை. யார் மேலயாவது சந்தேகம் இருக்கா?"

கேட்டிருக்கவே கூடாது. என் வாய் அப்படி.

"டிரைவர்தான்!" அந்தம்மா பட்டுனு சொன்னாங்க. "நேத்துதான் வேலையை விட்டு நிறுத்தினேன். நாலு வருஷமா இருந்தவன், வண்டியில சின்னச் சின்ன ரிப்பேரெல்லாம் அவனே பார்ப்பான். வண்டிக்குப் பின்னாடி விளையாடிட்டு இருந்த குழந்தையைக் கையைப் பிடிச்சுத் தரதரன்னு இழுத்திருக்கான். அலறல் கேட்டு ஓடி வந்தா, இவ கையில நாலு விரலும் சிவப்பாப் பதிஞ்சிருக்கு. எனக்கு வந்த ஆத்திரத்துல, சாவியை வச்சிட்டு வெளிய போன்னு கதவைச் சாத்திட்டேன்."

"அவர் ஒண்ணும் சொல்லலையா?"

"வெளிய நின்னு ஏதோ கத்தினான். காது கொடுத்தே கேட்கல. அப்புறம் கொஞ்ச நேரம் வண்டிகிட்டயே நின்னுட்டுப் போனான். போன் மேல போன் பண்ணினான், நம்பரை பிளாக் பண்ணிட்டேன்."

சட்டுனு என் கையைப் பிடிச்சாங்க. விரல் எல்லாம் ஜில்லுனு இருந்துச்சு.

"அண்ணா, இதை வெட்டினவன் பிரேக்கை விட்டு வச்சிருப்பானா? இந்த வண்டியிலதானே இவளை வச்சு ஓட்டிட்டு வந்தேன்! இவ அப்பாவும் ஊர்ல இல்ல. வீட்டுல நானும் இவளும்தான்."

வண்டியைத் தூக்கி நிறுத்தி பிரேக் குழாய், பெட்ரோல் குழாய், ஸ்டியரிங், சக்கரத்து நட்டு வரைக்கும் தடவித் தடவிப் பார்த்தேன். எதுலயும் யாரும் கை வச்ச தடயம் இல்ல. பழி வாங்க வந்தவன் ரெண்டே ரெண்டு ஒயரோட ஏன் நிறுத்தினான்? அங்கயாவது எனக்குப் புத்தி வேலை செஞ்சிருக்கணும். செய்யல.

"மிரட்டறான் அண்ணா. அடுத்து குழந்தைதான்னு மிரட்டறான். இங்கேருந்து நேரா போலீஸ் ஸ்டேஷன்தான் போறேன். வெட்டினதுன்னு எழுதிக் கொடுங்க."

'தொழில் தெரிந்தவர் வேண்டுமென்றே வெட்டியது'ன்னு எழுதி, கையெழுத்துப் போட்டு, கடை முத்திரையும் குத்திக் கொடுத்தேன். அது ஒரு மனுஷனை உள்ள தள்ளற காகிதம்னு தெரியும். தெரிஞ்சேதான் குத்தினேன். பச்சைக் குழந்தை மேல கை வச்சவனுக்கு என்ன இரக்கம் வேண்டிக்கிடக்கு!

அப்புறம் ரெண்டு ஒயரையும் முனைக்கு முனை சேர்த்து ஈயம் வச்சு ஒட்டினேன். வெட்டின இடத்தைப் பார்த்த கண்ணு பக்கத்து ஒயரைப் பார்க்கல. பட்டனை அமுக்கினதும் கதவு அழகா மேல போச்சு.

"ஆச்சும்மா"ன்னு துணியை எடுத்துக் கையைத் துடைச்சேன். அந்தம்மா காகிதத்தைப் பையில வச்சுட்டு இருந்தாங்க. கீழ இறங்கின பாப்பா, டிக்கி விளிம்பைப் பிடிச்சுத் தலையை நீட்டி உள்ள எட்டிப் பார்த்துச்சு.

யாரும் பட்டனைத் தொடல. கதவு இறங்குச்சு.

ஒரு சத்தம் இல்ல, ஒரு தயக்கம் இல்ல. குழந்தை தலைக்கு நேரா இறங்குச்சு.

எப்படிப் பாய்ஞ்சேன்னு எனக்கே தெரியாது. கையைப் பிடிச்சு ஒரே இழுப்பு. பாப்பா என் மேல வந்து விழவும், கதவு டம்முனு மூடவும் சரியா இருந்துச்சு.

பாப்பா வீல்னு அலறுச்சு. "யோவ், என்ன பண்றே என் குழந்தையை!"ன்னு ஓடி வந்த அந்தம்மா, அது கையைப் பார்த்ததும் அப்படியே நின்னுட்டாங்க. நாலு விரலும் சிவப்பாப் பதிஞ்சிருந்துச்சு.

பேட்டரியைக் கழட்டிட்டு ரப்பர் குழாயை முழுசா உரிச்சேன். மெல்லிசா ரெண்டு ஒயர், மேல்தோல் தேய்ஞ்சு ஒண்ணோட ஒண்ணு உரசிட்டு இருந்துச்சு. அது ரெண்டும் பட்டா போதும், பட்டனே இல்லாமக் கதவு இறங்கும். ஆள் குறுக்க இருந்தா கதவை நிறுத்தற ஒயரும் உள்ளயே ஒடிஞ்சு கிடந்துச்சு. இத்தனைக்கும் நடுவுல, மோட்டாருக்குப் போற ரெண்டு ஒயரை மட்டும் வெட்டிட்டா கதவு அசையவே அசையாது.

அதைத்தான் அந்த டிரைவர் வெட்டியிருக்கார்.

நான் சொல்லி முடிச்சதும் அந்தம்மா அந்தக் காகிதத்தை எடுத்துக் கிழிச்சாங்க. எனக்கும் தலை நிமிர முடியல. போனை எடுத்து பிளாக்கை நீக்கி, ஸ்பீக்கர்ல போட்டுக் கூப்பிட்டாங்க.

முதல் மணி முழுசா அடிக்கல. இவங்க வாயைத் திறக்கிறதுக்குள்ள அந்தப் பக்கத்துலேர்ந்து குரல் பதறிக்கிட்டு வந்துச்சு.

"அம்மா! அந்த ஒயரை யாரும் சேர்த்துடலையே? பாப்பா எங்கம்மா நிக்குது?"