எங்களுக்குள் தகராறு இல்லை

இரண்டு பேரும் முழு மனதோடுதான் பிரிகிறீர்களா என்று நீதிபதி அம்மா கேட்டார்.

நான் மீனாவைப் பார்த்தேன். மீனா என்னைப் பார்த்தாள்.

ஆமாம் என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

நகை, பாத்திரம், ஜீவனாம்சம் என்று வரிசையாகக் கேட்டார். எதிலும் எங்களுக்குள் தகராறு இல்லை. இல்லாத தகராறை எங்கிருந்து கொண்டுவருவது? இவ்வளவு ஒத்துப்போகிறவர்கள் இந்த ஹாலுக்கு வருவது அபூர்வம் என்று சொல்லிக்கொண்டே அவர் எழுதினார்.

அதோடு எங்கள் கல்யாணம் ரத்தானது.

எங்கள் இரண்டு குடும்பமும் பெண் கொடுத்துப் பெண் எடுத்தவை. ஒரே பந்தலில் நான் மீனாவுக்குத் தாலி கட்டினேன். மீனாவின் அண்ணன் அழகுபாண்டி என் தங்கை மலையம்மாளுக்குக் கட்டினார்.

தங்கை வளர்த்த ஆடுகளை அவர் அவளைக் கேட்காமல் விற்றார். அவள் அவருடைய போனைக் கிணற்றில் போட்டுவிட்டு எங்கள் ஊர் எழுமலைக்குத் திரும்பி வந்துவிட்டாள்.

நம் வீட்டுப் பெண் இங்கே வந்தபிறகு அவர்கள் வீட்டுப் பெண்ணுக்கு இங்கே என்ன வேலை என்று என் அப்பா காசிமாயன் கேட்டார். அப்போது அவருக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தது மீனாதான். இரண்டாம் தடவை ரசம் ஊற்றிவிட்டு, துணிமணியை எடுத்துவைக்கப் போனாள்.

ஒரே வக்கீல், இரண்டு மனு. பிரிந்து வாழ்ந்ததாகச் சட்டம் கேட்கும் காலத்தை அவரே கூட்டி எழுதிக்கொண்டார். அந்த மாதங்களில் மீனா தினமும் எனக்குப் போன் செய்து, அப்பா சுகர் மாத்திரை போட்டாரா என்று விசாரித்தாள்.

கோர்ட்டில் எப்படியும் அவள் மாட்டேன் என்று சொல்லிவிடுவாள் என்று நம்பிப் போனேன். அவள் சொன்னால் நானும் சொல்வதாக இருந்தேன். அவளும் அதேபோல என்னை நம்பித்தான் வந்தாளாம்.

அடுத்து தங்கையின் மனு. முழு மனதா என்று கேட்டதற்கு, முதலில் அவர் சொல்லட்டும் என்றாள். ஆடுகள் இளைத்துப்போயிருந்தன என்று அழகுபாண்டி ஆரம்பித்தார். எந்த ஆடு இளைத்தது என்று அவள் திரும்பினாள். நீதிபதி பேனாவை மூடிவைத்துவிட்டு, இருவரையும் ஆலோசகரிடம் அனுப்பினார்.

கதவு சாத்தியிருந்தும் வராந்தா முழுக்கக் கேட்டது. இப்படி ஒரு முரடரோடு எப்படிக் குடும்பம் நடத்தினாய் என்று அந்த ஆலோசகர் ஆறுதலாகக் கேட்டிருக்க வேண்டும்.

"என் புருஷன மொரடுன்னு சொல்ல நீங்க யாரு? சொன்னா நான் சொல்லணும்."

வெளியே வரும்போது அவளுடைய பை அழகுபாண்டியின் தோளில் இருந்தது.

வாசலில் இரண்டு வேன்கள் நின்றன. மலையம்மாள் அவர்கள் வேனில் ஏறிக்கொண்டாள். என் அப்பா கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு எங்கள் வேனின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு மீனாவைக் கூப்பிட்டார்.

"ஒண்ணு அங்கிட்டுப் போயிருச்சு. நீ இங்கிட்டு ஏறு ஆத்தா."

மீனா ஏறினாள். தாலியைப் பற்றிக் கோர்ட் எதுவும் கேட்காததால் அது அவள் கழுத்திலேயே இருந்தது. செக்கானூரணியில் வேனை நிறுத்தி எல்லோரும் டீ குடித்தோம்.

மறுபடி கல்யாணம் செய்வதென்றால், அது நீங்களே ஒருவரையொருவர் செய்வதானாலும், அப்பீல் காலம் முடிய வேண்டும் என்றார் வக்கீல். முடிந்தபோது ஆடி பிறந்திருந்தது. ஆவணியில் அப்பா தவறிவிட்டார். பிறகு நாங்கள் ஒத்தக்கடைக்குக் குடிபோனோம். அங்கே எல்லோரும் எங்களைப் புருஷன் பெண்டாட்டி என்றே நினைத்தார்கள். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். பிள்ளைகள் இல்லை. பதினேழு வருஷம் போனது.

போன மாசியில் மீனாவுக்கு மூச்சுத்திணறல் வந்தது. ஐசியூவில் சேர்த்தார்கள்.

நெருங்கின சொந்தம் ஒருவர் மட்டும் உள்ளே போய்ப் பார்க்கலாம் என்று நர்ஸ் சொன்னாள். வெளியே நானும் அழகுபாண்டியும் நின்றோம். சின்னப் பெண். பேஷண்டையே கேட்டு வருகிறேன் என்று உள்ளே போனாள். அழகுபாண்டி அண்ணன் என்று மீனா சொல்லியிருக்கிறாள். கண்ணாடி போட்டவர் உங்களுக்கு என்ன வேண்டும் என்று என்னைப் பற்றிக் கேட்டிருக்கிறாள்.

"அதக் கோர்ட்டுலதான் கேக்கணும் தாயி" என்றாளாம் மீனா.

நர்ஸ் வெளியே வந்து, ஏதாவது கேஸ் நடக்கிறதா சார் என்று என்னிடம் மெதுவாகக் கேட்டாள். அது எப்போதோ முடிந்துவிட்டது என்றேன். என்ன கேஸ் என்றாள். விவாகரத்து என்றேன். கேட்டதற்குப் பதில் சொல்லியே எனக்குப் பழக்கம்.

அதற்கு மேல் விளக்குவதென்றால் மலையம்மாளின் ஆடுகளிலிருந்து தொடங்க வேண்டும். பார்வை நேரம் அவ்வளவு இல்லை.

அவள் அழகுபாண்டியை உள்ளே விட்டாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் திரும்பி வந்தார்.

"சிரிச்சுக்கிட்டுக் கெடக்கு மாப்ள. நர்சு மொகம் போன போக்கப் பாத்தீங்களான்னு ஒங்ககிட்டக் கேக்கச் சொன்னுச்சு."

அடுத்த பார்வை நேரம் மாலையில்தான். அதற்குள் அழகுபாண்டி பேசிச் சரிசெய்தார். மாலையில் நான் போகலாம் என்று நர்ஸ் ஒப்புக்கொண்டாள். நான் பெஞ்சில் உட்கார்ந்து, உள்ளே போனதும் மீனாவிடம் சொல்வதற்கு ஒரு பதில் யோசித்தேன். நல்ல பதிலாகவே கிடைத்தது.

மூன்று மணிக்கு, மீனா போய்விட்டாள் என்று அழகுபாண்டியை மட்டும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்கள்.