கிரேனின் முதுகு

"கனமா எதையாவது தூக்கினப்போ முதுகுல அடிபட்டுச்சா?" டாக்டர் மூன்றாவது தடவையாகக் கேட்டார்.

"இல்லைங்க," என்றார் கிரேன்.

வீடு மாற்றித் தரும் கம்பெனியில் இருபது வருஷமாகச் சாமான் தூக்குகிறவர். கூட வேலை பார்ப்பவர்கள் வைத்த பேர் அது. வீம்பும் பேருக்குத் தகுந்த மாதிரிதான்.

"ஸ்கேன்ல தண்டுவடத்தை ஒட்டி ஒரு கட்டி தெரியுது. கேன்சரா இருக்கலாம். கனம் தாங்கி முதுகெலும்பு டிஸ்க் உடைஞ்சு நகர்ந்தாலும் சில சமயம் இப்படித்தான் தெரியும். அதான் திரும்பத் திரும்பக் கேக்கறேன்."

"உண்மையைச் சொல்லித் தொலைங்களேன்!" மனைவி அழுதாள். "உசிரைவிட வீம்பு பெருசா?"

பார்க்க வந்திருந்த முதலாளி மார்தட்டிக்கொண்டார். "எங்க ஆளுங்க பிடியை நழுவ விடமாட்டாங்க டாக்டர். விட்டா அதோட வேலை காலி!"

கிரேன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

கதவோரம் நின்ற, அவரோடு சேர்ந்து சாமான் தூக்கும் ஜோடிக்காரருக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"நான் சொல்றேன் டாக்டர். போன வாரம் மாடிப்படியில ஒரு பீரோ இறக்கினோம். மேல் முனை என் கையில. நழுவிடுச்சு. கீழ நின்ன இவன்தான் மொத்தத்தையும் முதுகு கொடுத்துத் தாங்கினான்."

"இதைச் சொல்ல இவ்வளவு நேரமா? ஸ்கேன்ல பளிச்சுன்னு தெரியற மருந்து ஏத்தி இன்னொண்ணு எடுத்துடலாம்."

சாயங்காலம் டாக்டர் சிரித்துக்கொண்டே வந்தார்.

"கேன்சர் கட்டியா இருந்தா பெரும்பாலும் உள்ள முழுக்க மருந்து ஏறியிருக்கும். இதுல ஓரத்துல மட்டும்தான் ஏறியிருக்கு. டிஸ்க்தான். கேன்சர் இல்லை."

மனைவிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. முதலாளி மட்டும் ஜோடிக்காரர் பக்கம் திரும்பினார்.

"அப்போ பிடியை விட்டது நீ?"



"உளர்றான் முதலாளி," படுக்கையிலிருந்து கிரேனின் குரல் வந்தது. "அன்னிக்கு இவன் வேலைக்கே வரல."

மனைவி புருஷனை உற்றுப் பார்த்தாள். இத்தனை நேரம் வாயைத் திறக்காதது எதற்கு என்று அவளுக்கு இப்போதுதான் விளங்கியது.

காலையிலிருந்து உண்மை, உண்மை என்று அவர் உயிரை எடுத்தவள், நிமிர்ந்து நின்று முதலாளியிடம் சொன்னாள்:

"ஆமாங்க. இந்த அண்ணனுக்கு அன்னிக்குக் காய்ச்சல். எங்க வீட்லதான் படுத்திருந்தாரு."