பாலம் கடக்கும்வரை

"கம்பியைப் பிடியுங்கோ! என்ர சேலையைப் பிடிச்சு இழுக்காதேங்கோ!"

ரஞ்சினி போட்ட சத்தத்தில் சிறிதரன் சேலைத் தலைப்பை விட்டுவிட்டுக் கம்பியைத் தாவிப் பிடித்தான். பக்கத்தில் ஒரு லொறி போனதில் சிட்னி ஹார்பர் பாலமே ஆடியதுபோல் இருந்தது அவனுக்கு. கீழே, வெகு கீழே, கடல்.

"எனக்கு உயரம் எண்டா கொஞ்சம் தலை சுத்தும்."

"பிறகேன் பாலம் பாக்கப் போவம் எண்டு சொன்னனீங்கள்? ஊரில பூங்கா ஒண்டும் கிடைக்கேல்லையோ?"

அவளிடம் எப்படியும் நல்ல பெயர் வாங்கிவிடவேண்டும் என்று புதுச் சப்பாத்து வேறு போட்டு வந்திருந்தான். அது குதிக்காலைத் தின்றுகொண்டிருந்தது. பேச்சை மாற்றினான்.

"இந்தப் பாலம் கட்டி இருவது வருசமிருக்கும்."

"முப்பத்திரண்டாம் ஆண்டு திறந்தது. இப்ப எழுவத்தஞ்சு. கணக்கைப் பாருங்கோ."

"நான் வாய் திறந்தாலே பிழையோ?"

"பிழையாச் சொன்னா பிழைதான். ஏன் நொண்டுறியள்?"

"நொண்டேல்லையே."

"சப்பாத்தைக் கழட்டுங்கோ."

"நடுப் பாலத்திலயோ? ஆக்கள் பாக்கினம்!"

"கழட்டுங்கோ எண்டுறன்!"

கழற்றினான். தோல் உரிந்து சிவந்திருந்தது. அவள் கைப்பையிலிருந்து பிளாஸ்டர் எடுத்துக் கொடுத்தாள். அவன் கோணலாக ஒட்டினான். அவள் பிடுங்கி, குனிந்து, தானே ஒட்டினாள்.

"ஆஸ்பத்திரி வார்ட்டிலயும் இந்த வேலை, ஞாயிற்றுக்கிழமையிலயும் இந்த வேலை!"

எதிரே வந்த வெள்ளைக்காரக் கிழவி தன் கிழவரின் கையைப் பிடித்தபடி நின்று சிரித்தாள். "எங்களுக்குக் கலியாணமாகி நாற்பது வருசம், நாங்களும் இப்படித்தான். உங்களுக்கு எத்தனை?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

ரஞ்சினி விறுவிறென்று மறுகரையை நோக்கி நடக்கத் தொடங்கினாள். எல்லாம் கெட்டது என்று எண்ணியபடி, சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் நடந்தான் சிறிதரன்.

படிக்கட்டடியில் ரஞ்சினியின் தமையன் கணேசலிங்கம் காரில் சாய்ந்தபடி காத்திருந்தார்.

"அண்ணை, ஐயாவுக்குக் கடிதம் எழுதுங்கோ. கலியாணத்துக்கு நாள் பாக்கச் சொல்லி," என்றாள் ரஞ்சினி.

கணேசலிங்கம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"எடி பிள்ளை, உங்கள் ரெண்டு பேரையும் ஆளுக்காள் அறிமுகப்படுத்தி இன்னும் முக்கால் மணித்தியாலம் ஆகேல்லையே!"