பொத்தானை அழுத்தாதவர்

"சத்தம் கேட்டா பொத்தானை அழுத்துங்கன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். ஒரு தடவைகூட அழுத்தலையே ஐயா!"

ஹெட்போனைக் கழற்றியபடியே கத்தினாள் டெஸ்ட் மேடம். அந்தக் காது கிளினிக்கில் எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். நாற்காலியில் இருந்த பெரியவர் சாந்தமாகச் சிரித்தார்.

"அவரு எங்கேம்மா அழுத்துவாரு? இடி விழுந்தாலும் கேக்காது!" என்றாள் அவர் மனைவி, ஊருக்கே கேட்கிற குரலில். "மூணு வருஷமா இவருகிட்டக் கத்திக் கத்தி என் தொண்டை போச்சு. வீட்டுக்கு யாரு வந்தாலும் மைக் இல்லாத மீட்டிங்தான். ஒரு மெஷினை வாங்கி மாட்டி விட்டுடுங்க, புண்ணியமாப் போகும்."

"இன்னொரு டெஸ்ட் பாக்கி இருக்கும்மா! நீங்க கொஞ்சம் வெளியில உட்காருங்க!"

டெஸ்ட் மேடத்தின் வாயையே பார்த்துக்கொண்டிருந்த அந்த அம்மாள் எழுந்து நடந்தாள்.

"அந்தக் கதவைச் சாத்திட்டுப் போங்கம்மா."

பின்னாலிருந்து சொன்னதை அவள் சட்டையே செய்யவில்லை. கதவை அகலத் திறந்து போட்டுவிட்டுப் போனாள். 'திமிரைப் பாரு' என்று முணுமுணுத்தபடி டெஸ்ட் மேடமே எழுந்து போய்ச் சாத்தினாள்.

அடுத்த மெஷினுக்குப் பொத்தானே கிடையாது. ரப்பர் முனையைக் காதில் அடைத்து, உள்ளே காற்றழுத்தத்தைக் கூட்டிக் குறைப்பார்கள். செவிப்பறை நன்றாக அசைந்தால் திரையில் கோடு ஒரு குன்று மாதிரி ஏறி இறங்கும். 'பேசக் கூடாது, எச்சில் விழுங்கக் கூடாது' என்று காகிதத்தில் எழுதிக் காட்டிவிட்டு ஆரம்பித்தாள்.

இரண்டு காதிலும் அழகான குன்று.

அதே மெஷினில் பலத்த சத்தம் ஒன்றையும் அனுப்பலாம். சத்தம் கேட்டதும் காதுக்குள் ஒரு குட்டித் தசை தானாகச் சுருங்கும். கண்ணில் தூசி விழுந்தால் இமை மூடுவது போலத்தான், நாமே நினைத்தாலும் தடுக்க முடியாது. இடி விழுந்தாலும் கேட்காத காதில் அது தூங்க வேண்டும். பெரியவர் காதில் ஒவ்வொரு சத்தத்துக்கும் துள்ளியது.

டெஸ்ட் மேடம் இப்படி எத்தனையோ பேரைப் பிடித்திருக்கிறாள். சர்டிபிகேட்டுக்காக நடித்தவர்கள், நஷ்ட ஈட்டுக்காக நடித்தவர்கள். இவர் எதையும் கேட்கவில்லையே! பிறகு எதற்கு? அவளுக்கு மண்டை குடைந்தது.

அவர் முதுகுப் பக்கம் போய் நின்று மெதுவாகச் சொன்னாள். "உங்க காது என் காதைவிட நல்லா இருக்குங்கய்யா."

பெரியவர் திரும்பவில்லை. தணிந்த குரலில் கேட்டார். "மெஷின் காட்டிக் கொடுத்துடுச்சா?"

"எதுக்கு இந்த வேஷம்? அந்தம்மா தொண்டை கிழியக் கத்துறாங்க. நீங்க ஜம்முனு சிரிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்க. மனசு உறுத்தலையா? இப்பவே போய்ச் சொல்லப் போறேன்."

"சொல்லுங்கம்மா. அதுக்கு முன்னாடி ஒரே ஒரு உதவி. கூட வந்தவங்களுக்கும் டெஸ்ட் எடுக்கிறது இங்க ரூல்னு சொல்லி, அவளையும் இதுல உட்கார வையுங்க."

"அது எதுக்கு?"

"எடுத்துப் பாருங்களேன்."

கோபத்தை ஆர்வம் ஜெயித்துவிட்டது. வெளியே போய், ரூல் என்று சத்தமாகச் சொல்லி அந்த அம்மாளை அழைத்து வந்தாள்.

"எனக்கா?" நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள் அந்த அம்மாள். "முப்பது வருஷம் டெலிபோன் ஆபீஸ்ல இருந்தவ நான். 'ஹலோ'ங்கிற ஒரு வார்த்தையை வெச்சே ஆளைச் சொல்லிடுவேன். என் காதுல குறை கண்டுபிடிக்க இனிமேதான் மெஷின் செய்யணும்!"

டெஸ்ட் மேடம் ரப்பர் முனையைப் பொருத்தினாள். திரையில் குன்று எழவில்லை. முனை சரியாக அடைக்கவில்லை போலிருக்கிறது என்று, பெரிய அளவு ஒன்றை மாற்றிப் போட்டாள். அடுத்த காதையும் பார்த்தாள். தரையில் இழுத்துப் போட்ட கயிறு மாதிரி கோடு தட்டையாகவே ஓடியது.

கதவைச் சாத்தச் சொன்னது அவளுக்குச் சுருக்கென்று ஞாபகம் வந்தது. அவசரப்பட்டுத் திமிர் என்று நினைத்ததற்காக வெட்கப்பட்டாள்.

அந்த அம்மாளை டாக்டர் அறைக்குள் உட்கார வைத்துவிட்டு, வராந்தாவில் பெரியவரைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"மூணு வருஷமா. டாக்டர்கிட்டப் போலாமான்னு ஒரே ஒரு தடவை கேட்டேன். 'என் காதையா சொல்றீங்க?'ன்னு ரெண்டு நாள் சாப்பிடல. அப்புறம் எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் ஒரு ஓரமா உட்கார்ந்து சும்மா தலையாட்டிக்கிட்டு இருந்தா. என்னால பார்க்க முடியலம்மா."

"செவிப்பறைக்குப் பின்னால நீர் கோத்திருந்தாலும் கோடு இப்படித்தான் வரும். சரி பண்ண வழி இருக்கலாம். கையோட இழுத்துட்டு வராம மூணு வருஷத்தைப் பாழாக்கிட்டீங்களே! நீங்க செவிடா நடிச்சதுல அவங்களுக்கு என்ன லாபம்?"

பெரியவர் டாக்டர் அறைக் கதவைப் பார்த்தபடி சொன்னார்.

"எனக்குக் காது கேக்காதுன்னு நினைச்சு, வீட்டுக்கு வர்றவங்க எல்லாரும் சத்தம் போட்டுப் பேசினாங்கம்மா. அவ என் பக்கத்துல உட்கார்ந்து ஒரு வார்த்தை விடாம கேட்டுக்கிட்டா."