ஒரு டம்ளர் குளத்துத் தண்ணீர்

ரஹ்மத்துல்லா பாய் தன் நீச்சல் குளத்தில் டம்ளரை முக்கி எடுத்தார். கூடியிருந்த பெற்றோர்கள் பார்க்க, அண்ணாந்து மடக் மடக்கென்று குடித்துவிட்டு, காலி டம்ளரைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினார்.

"போதுமா? இல்ல, இன்னொரு டம்ளர் குடிக்கவா?"

போதும் என்பதுபோல் பெற்றோர்கள் குழந்தைகளைப் படிப் பக்கம் நகர்த்தினார்கள். குளத்துப் படியை மறித்து, இரண்டு கைகளையும் விரித்து நின்ற சுல்தானா மட்டும் நகரவே இல்லை.

அவள் மகன் ஆசிக், போன வாரம் வரை இதே குளத்தில், இதே கோடை வகுப்பில் நீந்தியவன். இப்போது சிதம்பரத்தில் ஐ.சி.யூ.வில் கண் திறக்காமல் கிடக்கிறான். மூளைக்குள் அமீபா புகுந்துவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். கணவனை அங்கே காவல் வைத்துவிட்டு, கடலூர் முதுநகருக்குப் பஸ் ஏறி வந்திருக்கிறாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் அடுத்த வகுப்பு. குழந்தைகள் நீச்சல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எப்போது குதிக்கலாம் என்று வரிசையில் நிற்கிறார்கள்.

"குடிச்சிக் காட்டுனா ஆச்சா? கடைசியா எப்ப குளோரின் போட்டீங்க? தண்ணி வெந்நி மாதிரி கெடக்கு, படியில பாசி வழுக்குது. டெஸ்ட் பண்ற வரைக்கும் ஒரு புள்ளையும் எறங்கக் கூடாது!"

"தங்கச்சி, உங்க வேதன எனக்குப் புரியுது. அதுக்காக எங்கயோ வந்த காய்ச்சல என் தலையில கட்டலாமா?" பாயின் குரலில் தேன் ஒழுகியது.

"எங்கயோ வந்ததா? டாக்டரு கேட்ட மொதக் கேள்வியே, 'நீந்துனானா, மூக்குல தண்ணி ஏறுச்சா'ன்னுதான். குடிச்சானான்னு ஒரு வார்த்த கேக்கல. ஏறுச்சு பாய்! டைவ் அடிச்சிட்டு வந்து, மூக்கு எரியுதும்மான்னு எங்கிட்டயே சொன்னான்!"

பாய் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தார்.

"மூக்குதானே? தெனம் தொழுகைக்கு நான் ஒளு செய்யிறதே இந்தக் கொளத்துத் தண்ணியிலதான். இன்னிக்கி மதியமும் செஞ்சேன். ஒளுன்னா கைகால் கழுவுறது மட்டுமில்ல, மூக்குல தண்ணிய ஏத்திச் சிந்தணும்னு உங்களுக்குத் தெரியாதா? எனக்கு என்ன ஆயிடிச்சி?"

சுல்தானாவின் கைகள் தளர்ந்தன. குளோரின் விஷயத்தில் ஆயிரம் புளுகலாம். தொழுகை விஷயத்தில் ஒரு மனுஷன் பொய் சொல்வாரா?

"அவரே குடிச்சிட்டாரு, மூக்குலயும் ஏத்துறேன்றாரு. அப்பறம் என்னம்மா?" என்றார் உத்திராபதி. அவர் மகள் கனிமொழிதான் வரிசையில் முதலில் நின்றாள். "புள்ளைக்கு ஒடம்பு சரியில்லன்னா நீ அங்கதான் இருக்கணும். இங்க வந்து கத்துனா சரியாயிடுமா? வழிய வுடு."

கன்னத்தில் அறைந்தாற்போல் இருந்தது. ஆசிக்கின் பிறந்த நாளுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டுப் போனவர்கள்தான் இவர்கள். சுல்தானா படியை விட்டு விலகினாள்.

பக்கத்துப் பள்ளிவாசலில் மாலை நேர அஸர் தொழுகைக்குப் பாங்கு ஒலித்தது.

"தொழுதுட்டு வந்துர்றேன். நீங்க கிளாஸ ஆரம்பிங்க" என்று கோச்சிடம் சொல்லிவிட்டு, பாய் உடை மாற்றும் அறைக்குப் பின்னால் போனார்.

சுல்தானாவும் பின் கேட் பக்கம் நடந்தாள். பஸ் ஸ்டாப்புக்கு அதுதான் குறுக்கு வழி. பாழாய்ப்போன கண்ணீர் வேறு வழியை மறைத்தது. அறையின் மூலையில் திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

பாய் ஸ்டூலில் உட்கார்ந்து ஒளு செய்துகொண்டிருந்தார். பக்கத்தில் கடையில் வாங்கிய குடிதண்ணீர் கேன், அப்போதுதான் சீல் உடைத்தது. அதிலிருந்து மொண்ட தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி மூக்கில் உறிஞ்சினார், சிந்தினார், மறுபடி உறிஞ்சினார்.

சுல்தானாவுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு பலம் வந்ததோ! பாய்ந்து போய்க் கேனைப் பறித்தாள். தண்ணீர்க் குடம் போல இடுப்பில் இடுக்கிக்கொண்டு, குளத்தை நோக்கி ஓடினாள்.

"ஏய்! ஏம்மா! குடு அத!" முகத்தில் தண்ணீர் சொட்ட, மடித்து விட்ட சட்டைக் கையோடு பாய் பின்னாலேயே ஓடி வந்தார்.

கோச் விசிலை வாயில் வைத்திருந்தார். கனிமொழி முதல் படியில் நின்றபடி திரும்பிப் பார்த்தாள். சுல்தானா கேனை உத்திராபதியின் காலடியில் தொப்பென்று இறக்கினாள். மூச்சு வாங்க, பாயின் ஈர மூக்கை நேராகப் பார்த்துக் கேட்டாள்.

"வாய்க்கு ஆவுற கொளத்துத் தண்ணி, மூக்குக்கு ஆவாதா பாய்?"