உதடும் குரலும்

பெங்களூரு ஜோகுபாளையத்தில் கல்யாண வீடியோ ஸ்டூடியோ வைத்திருந்த உமேஷ், கம்ப்யூட்டர் திரையை வீணாவிடம் காட்டினான்.

"பழைய கேசட் மேடம். கம்ப்யூட்டர்ல ஏத்தும்போது நடுநடுவுல படம் விட்டுப்போகுது. அதனால சவுண்டு பின்தங்குது. எந்த ஃபார்மேட்ல சி.டி. போட்டாலும் இதே கதைதான்."

திரையில் மணப்பெண் கேமராவைப் பார்த்துப் பேசினாள். கேட்டதோ அதற்கு முந்தைய மேளச் சத்தம். உமேஷ் நிறுத்தினான்.

"சவுண்டை எடுத்துட்டு நல்ல பாட்டா போட்டுடறேன். ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க."

"பாட்டு வேணாங்க. உதடும் குரலும் சேரணும். எம்பொண்ணு பார்க்கணும்."

"அப்போ துண்டு துண்டா ஏத்தி ஒட்டணும். ரொம்ப வேலை."

வீணா அசையவில்லை. தன் கல்யாணப் பேச்சைக் கேட்க இத்தனை ஆசையா என்று உமேஷுக்கு எரிச்சலாக இருந்தது. ஆனாலும் சிரித்துக்கொண்டே, "அடையாளமே தெரியல. நீங்க ரொம்ப மாறிட்டீங்க மேடம்" என்றான்.

"அது நான் இல்லைங்க. எங்க வீட்டுக்காரரோட முதல் சம்சாரம். பொண்ணு கைக்குழந்தையா இருக்கும்போதே தவறிட்டாங்க. அம்மா எப்படிப் பேசுவாங்கன்னு என்னைத்தான் கேக்கறா. நான் அவங்களைப் பார்த்ததே இல்லையே, என்னன்னு சொல்லுவேன்?"

உமேஷ் ஏற்றியதையெல்லாம் அழித்தான். "பக்கத்துல உக்காருங்கக்கா" என்று நாற்காலியை இழுத்துப் போட்டான். மணப்பெண் பேசும் இடத்தை மட்டும் தனித் துண்டாக ஏற்றி ஓடவிட்டான்.

இம்முறை உதடும் குரலும் சேர்ந்தே வந்தன.

வீணா வாயைப் பொத்திக்கொண்டாள். "அய்யோ... அப்படியே எம்பொண்ணு குரல்!"